செவ்வாய்ப் பிரயாணமும் திரும்பும் காற்றும்

செவ்வாய்க் கிரகத்துக்கு மனிதனை அனுப்பியே தீரவேண்டும் என்று வாதிப்பவர்கள், எந்த நாட்டு மேடையில் ஏறினாலும் எந்த மொழியில் பேசினாலும், ஏதாவது ஓரிடத்தில் கொலம்பஸையும் வாஸ்கோடகாமாவையும் சாட்சிக்கு அழைக்காமல் விடுவதில்லை. அன்றைக்குக் கடலைக் கண்டு மனிதன் அஞ்சியிருந்தால் இன்றைய உலகம் ஏது என்று அவர்கள் கேட்கும்போது சபையோர் தலையசைத்துவிடுகிறார்கள். மட்டாஞ்சேரியில் குடியிருப்பவனுக்கு அப்படிச் சுலபமாகத் தலையசைக்க முடிவதில்லை. காமா 1524-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி கண்ணை மூடியது இந்தக் கொச்சியில். அவரை முதலில் அடக்கம் செய்த செயின்ட் பிரான்சிஸ் ஆலயம் இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் கோட்டைக் கொச்சியில் நிற்கிறது. 1539-இல் எலும்புகள் போர்ச்சுகலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட பின்னும், அவை கிடந்த இடத்தைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் இன்றும் வந்துபோகிறார்கள். ஆகையால் இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று கருதுகிறேன்.

1497 ஜூலை 8-ஆம் தேதி லிஸ்பனிலிருந்து நான்கு கப்பல்களில் ஏறக்குறைய 170 பேருடன் புறப்பட்ட காமா, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாலிந்தித் துறையை அடைந்து, இந்தக் கடலின் குணாகுணங்களை அறிந்த ஒரு மாலுமியை அங்கே வழிகாட்டியாக ஏற்றிக்கொண்டு, 1498 ஏப்ரல் 24-ஆம் தேதி பாய் விரித்தபோது, தென்மேற்குக் காற்று அப்போதுதான் தலையெடுத்திருந்தபடியால், ஒரு மாதம் ஆவதற்குள் மலையாளக் கரையைக் கண்டுவிட்டார். இவ்வளவும் பாடப்புத்தகத்தில் உண்டு. அவர் திரும்பிய கதையைத்தான் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. கோழிக்கோட்டில் அரசர் சாமூதிரியோடு மனஸ்தாபம் ஏற்பட்டு ஆகஸ்டு கடைசியிலேயே அவசரமாக நங்கூரம் எடுத்த அவர், இந்தக் கரையில் சிறு தோணி ஓட்டுபவனுக்கும் தெரிந்திருந்த ஒரு விதியைப் பொருட்படுத்தவில்லை: கொண்டுவந்த காற்று திருப்பிக் கொண்டுபோகாது; வாடை நிலைக்கும்வரை துறையில் காத்துக்கிடக்க வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் அஞ்சுதீவை விட்டுப் புறப்பட்டு, எதிர்க்காற்றிலும் காற்றே அற்ற நிச்சலனத்திலும் மாறி மாறித் தத்தளித்து, வரும்போது ஒரு மாதத்துக்குள் கடந்த அதே கடலைப் போகும்போது மூன்று மாதங்களில் கடந்து, 1499 ஜனவரியில் அவர் மாலிந்தியை எட்டியபோது, முப்பது பேர் வழியிலேயே மாண்டிருந்தனர்; ஒவ்வொரு கப்பலிலும் கயிற்றைப் பிடித்து இழுக்கத் தெம்புள்ளவர்கள் ஏழெட்டுப் பேரே மிஞ்சியிருந்தனர்; ஓட்டுவதற்கு ஆளில்லாமையால் சான் ரஃபேல் என்ற கப்பலைத் தாங்களே கொளுத்திவிட்டுப் போகவேண்டியதாயிற்று. உடன்பிறந்த பாவ்லோவையும் வழியில் பறிகொடுத்து அந்தக் கூட்டம் ஊர் சேர்ந்தபோது எஞ்சியவர்கள் ஏறத்தாழ 55 பேர்.

மேற்கோள் காட்டுவோர் மறந்துவிடுகிற இந்தப் பிற்பாதிதான் செவ்வாய்ப் பிரயாணத்துக்கு உண்மையில் பொருந்துகிறது. பூமியும் செவ்வாயும் சூரியனை வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதால், இவை இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஒருசமயம் ஐந்தரைக் கோடி கிலோமீட்டர் அளவுக்குக் குறுகியும், மற்றொருசமயம் நாற்பது கோடி அளவுக்கு விரிந்தும் போகிறது. கையிலுள்ள எரிபொருளைக் கொண்டு போய்ச்சேரத் தக்க முகூர்த்தம் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வாய்க்கும். அந்த முகூர்த்தத்தில் புறப்பட்டு, ஆறு முதல் ஒன்பது மாதங்கள் ஆகாசவெளியில் மிதந்து அங்கே இறங்கிய மனிதன், மறுநாளே மனம் மாறினாலும் திரும்ப முடியாது. கிரகங்கள் இரண்டும் மறுபடி தக்க நிலைக்கு வரும்வரை, பெரும்பாலான திட்டங்களின் கணக்குப்படி, ஏறக்குறைய ஐந்நூறு நாட்கள் அந்தச் செம்மண்ணில் காத்திருந்தாக வேண்டும். போக, இருக்க, வர எல்லாம் சேர்த்து மூன்று ஆண்டுகளை நெருங்கும். இதில் யாரேனும் ஒருவருக்குக் குடல்வால் வீங்கினால், பூமியிலுள்ள வைத்தியரிடம் கேட்ட கேள்வி போய்ச்சேரத் தூரத்துக்குத் தக்கபடி மூன்று நிமிஷம் முதல் இருபத்திரண்டு நிமிஷம் வரை ஆகும். பதில் வர அதே நேரம் மறுபடியும் ஆகும்.

காமாவின் ஆட்களைக் கொன்றது கடலன்று, ஸ்கர்வி என்னும் நோய். ஈறு வீங்கிப் பல்லை மூடி, கைகால் நீலம் பாரித்து, பழைய புண்கள் திரும்பத் திறந்துகொண்டு உயிர் போகும் அந்த வியாதிக்குக் காரணம், புதிய காய்கனிகள் இல்லாத உணவில் சி உயிர்ச்சத்து அற்றுப்போவது என்பது அன்று ஒருவருக்கும் தெரியாது. மாலிந்தியை அடைந்த நோயாளிகள் ஆரஞ்சுப் பழத்துக்கு ஏங்கினார்கள். உடம்பு அறிந்ததைப் புத்தி அறியவில்லை. ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் 1747-இல் நோயாளிகளுக்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார். பிரிட்டிஷ் கடற்படை அந்தச் சாற்றை மாலுமிகளுக்கு முறையாக அளக்கத் தொடங்கியது 1795-இல். காமா புறப்பட்ட ஆண்டிலிருந்து எண்ணினால், ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள், காரணம் அறியாமலேயே மனிதர்களைக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. காமாவுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால் கோழிக்கோட்டுத் துறையில் நின்றிருந்த சீனக் கப்பல்களைக் கண்ட யாத்திரிகர் இப்னு பதூதா, அவற்றில் மாலுமிகள் குழந்தைகுட்டிகளோடு வசிப்பதையும், மரத்தொட்டிகளில் கீரையும் காய்கறியும் இஞ்சியும் பயிரிடுவதையும் எழுதிவைத்திருக்கிறார். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில், சுக்குக் கிட்டங்கிகளின் முற்றத்தில் காயும் இஞ்சியை மிதிக்காமல் ஒதுங்கி நடக்கும் எங்களுக்கு, கப்பலில் இஞ்சித் தொட்டி என்பது அதிசயமாகத் தோன்றாது. ஆனால் நீண்ட பிரயாணம் போகிறவன் பச்சையாக ஏதாவது ஒன்றைத் தன்னோடு வளர்த்துக்கொண்டு போகவேண்டும் என்ற இந்த எளிய யுக்தி இன்றைய விண்வெளி விஞ்ஞானத்துக்கு ஒரு பெரிய பிரச்சினையாகவே இருந்துவருகிறது. பெட்டியில் அடைத்த விண்வெளி உணவில் சி உயிர்ச்சத்து நாட்பட நாட்படக் குறைந்துகொண்டே போகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மூன்றாண்டுப் பிரயாணத்தின் கடைசி வருஷத்தில் உண்ணும் சோறு முதல் வருஷத்துச் சோறாக இருக்காது. நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25-ஆம் தேதி புறப்பட்டு சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்த நாட்களில் பாசிப்பயறும் வெந்தயமும் அங்கே முளைகட்டப்பட்டன. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த நெல், எள், கத்தரி, தக்காளி விதைகளும் அவரோடு மேலே போய் வந்தன. நம் பத்திரிகைகள் அவருடைய புகைப்படங்களுக்குத் தந்த இடத்தில் கால்வாசியாவது அந்த வெந்தயத்துக்குத் தந்திருக்கலாம். செவ்வாய்க்குப் போகும் வழி அந்த முளையில்தான் இருக்கிறது. ராக்கெட்டின் உயரத்தில் அன்று.

கணக்கையும் பார்த்துவிடுவோம். பொட்டலத்தோடு சேர்த்து ஆளொன்றுக்கு ஒரு நாளைக்கு 1.8 கிலோ உணவு என்று வைத்துக்கொண்டால், நான்கு பேருக்கு ஆயிரம் நாட்களுக்கு ஏழு டன்னுக்கு மேல் ஆகிறது. இது உணவு மாத்திரம். தண்ணீரைப் பொறுத்தவரை நிலைமை பரவாயில்லை. விண்வெளி நிலையத்தில் வியர்வை முதல் சிறுநீர் வரை எல்லாவற்றையும் சுத்திகரித்து நூற்றுக்கு 98 பங்கு மீட்கும் நிலையை 2023-இல் எட்டிவிட்டார்கள். காற்றுக்கு என்ன செய்வது? செவ்வாயின் வாயுமண்டலம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்கு அழுத்தமே உடையது. அதிலும் 95 சதவிகிதம் கரியமில வாயு. அந்த வாயுவிலிருந்து பிராணவாயுவைப் பிரித்தெடுக்க பெர்சிவரன்ஸ் ஊர்தியில் வைத்து அனுப்பிய சிறிய கருவி, 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கி, மொத்தம் 122 கிராம் தந்தது. ஒரு மனிதன் மூன்றரை மணி நேரம் சுவாசிக்க அது போதும். இதைப் பரிகசிப்பது என் நோக்கமன்று. அந்நிய கிரகத்தின் காற்றிலிருந்து மனிதன் சுவாசிக்கத்தக்க ஒன்றைச் செய்துகாட்டியது மகத்தான சாதனை. ஆனால் சாதனையின் அளவு அவ்வளவுதான்.

கதிர்வீச்சு இன்னொரு தடை. பூமியில் சராசரி மனிதன் இயற்கையாக ஓர் ஆண்டு முழுவதும் ஏற்பது 2.4 மில்லிசீவர்ட், க்யூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்தது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.8. போய்வந்து சேர்ந்தவன் மேல் மொத்தம் ஒரு சீவர்ட் அளவுக்கு விழுந்திருக்கும். நாசா ஒரு விண்வெளி வீரரின் வாழ்நாள் முழுவதற்கும் விதித்திருக்கும் எல்லையோ 600 மில்லிசீவர்ட். எடையற்ற நிலையில் எலும்பு மாதத்துக்கு நூற்றில் ஒரு பங்கோ ஒன்றரைப் பங்கோ தேய்கிறது என்பதையும், இதுவரை அங்கே இறக்கிய மிகப் பெரிய ஊர்தியின் எடையே ஒரு டன்தான், மனிதர்களை இறக்குவதற்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் சித்திரம் ஒருவாறு பூர்த்தியாகும். 2024-இல் மனிதர்களை அங்கே அனுப்புவதாக எலான் மஸ்க் சில ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருந்தார். அந்த ஆண்டு வந்தது, போயிற்று.

ஆயினும் கடலோடிகளின் உவமானம் முற்றிலும் முறிந்துபோகும் இடம் இவை எவையுமல்ல. காமா வந்து இறங்கிய கரையில் மூச்சு விடக் காற்று இருந்தது; குடிக்க நீரும், விலைபேச வர்த்தகர்களும், அராபியும் பிற பாஷைகளும் அறிந்த துவிபாஷிகளும், எல்லாவற்றுக்கும் மேலாக மிளகும் இருந்தது. செவ்வாயில் வாங்குவதற்கு ஒன்றுமில்லை, விற்பதற்கு ஆளுமில்லை. அங்கே இருக்கக்கூடியதாக நாம் ஆசைப்படும் ஒரே பொக்கிஷம், என்றோ வாழ்ந்து மறைந்த, அல்லது இன்றும் எங்கோ நிலத்தடியில் ஒளிந்திருக்கும், அணுப்பிரமாணமான ஜீவராசியின் தடயம். மனிதன் தன் தோலிலும் குடலிலும் கோடானுகோடிக் கிருமிகளைச் சுமந்துகொண்டு போய் இறங்கிய மறுகணம், கண்டது அவ்விடத்து உயிரா, கொண்டுபோன உயிரா என்று தீர்மானிக்க முடியாத குழப்பம் ஆரம்பமாகிவிடும். அந்நிய கிரகங்களை அசுத்தப்படுத்தாதிருக்கவும், எந்த நாடும் அவற்றுக்குச் சொந்தம் கொண்டாடாதிருக்கவும் 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் விதி செய்திருக்கிறது. கரை கண்ட இடத்திலெல்லாம் கல்தூண் நட்டுத் தங்கள் அரசன் முத்திரையைப் பதித்துச் சென்றவர்களை நன்றாக அறிந்த ஊர் இது. போர்த்துக்கேசியரும் அவர்களுக்குப் பின் 1663-இல் ஒல்லாந்தரும் வந்து அமர்ந்த ஊர். ஒப்பந்தத்தில் எழுதியது காகிதத்திலேயே நின்றுவிடாமல் இருக்கவேண்டும் என்ற கவலை எங்களுக்கு இயல்பாகவே உண்டு.

ஒல்லாந்து என்றதும் ஒரு கம்பெனி நினைவுக்கு வருகிறது. மார்ஸ் ஒன் என்ற பெயரில், திரும்பி வருவதற்கு வழியே வைக்காமல், செவ்வாயில் இறக்கிவிட்டு வாழ்ந்துகொள்ளச் சொல்லும் ஒரு திட்டத்தை அந்நாட்டார் சிலர் 2012-இல் வெளியிட்டபோது, உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் மனுச் செய்தார்கள். 2015-இல் வடிகட்டிய நூறு பேரில் இந்தியர்களும் இருந்தார்கள். 2019-இல் கம்பெனி திவாலாயிற்று. கேலி பேசிவிட்டு விட்டுவிடலாம். ஆனால் ஒருவழிப் பயணம் என்ற அந்த எண்ணம் கம்பெனியோடு திவாலாகிவிடவில்லை. திரும்பும் எரிபொருளைச் சுமக்க வேண்டியதில்லை, செலவு பாதியாகும், போகிறவர்கள் மனமுவந்தே போகிறார்கள், உங்களுக்கென்ன என்று படித்தவர்களே இன்னும் வாதிக்கிறார்கள். தமிழர்களுக்கு இந்த வாதம் புதிதன்று. 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஏற்றிச்சென்ற கூலிகளை டர்பன் துறையில் இறக்கிய காலத்தில், அவர்களும் மனமுவந்து கைநாட்டு வைத்தவர்கள் என்றே காகிதம் சொல்லிற்று. அந்த ஒப்பந்தத்தின் கொடுமைகளைச் சொல்லி முடியாது. ஆனால் அந்தக் கொடிய ஒப்பந்தத்திலும்கூட, பத்தாண்டு கழித்து ஊர் திரும்ப இலவசக் கப்பல் பிரயாணம் உண்டு என்று ஒரு ஷரத்து எழுதியிருந்தார்கள். கரும்புத் தோட்ட முதலாளிகளே எழுதத் துணியாத ஓர் ஒப்பந்தத்தை விஞ்ஞானத்தின் பெயரால் எழுதலாகாது.

சரி, நம் நாடு இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது? மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலிருந்து காயலைப் பார்த்தால் எதிரே தெரிவது வில்லிங்டன் தீவு. துறைமுகத்துக்காகத் தூர்வாரிய மண்ணைக் கொட்டிப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ உருவாக்கிய நிலம். அங்குள்ள கடற்படைத் தளத்தில் ஒரு பெரிய நீர்த்தொட்டி இருக்கிறது. அதில் அலையையும் மழையையும் இருட்டையும் வேண்டியபடி வரவழைக்க முடியும். ஹெலிகாப்டரோடு கடலில் விழுந்தவன் எப்படித் தப்புவது என்று மாலுமிகளுக்கும் விமானிகளுக்கும் கற்பிக்கும் இடம். 2023 பிப்ரவரி 7-ஆம் தேதி அந்தத் தொட்டியில் இஸ்ரோவும் கடற்படையும் சேர்ந்து மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் வீரர் கலத்தைப் போலவே எடையும் வடிவமும் உள்ள ஒரு மாதிரியை மிதக்கவிட்டுப் பழகின. வானத்திலிருந்து பாராசூட்டில் இறங்கிக் கடலில் தத்தளிக்கும் கலத்தை முக்குளிப்போர் நெருங்குவது, மிதவையைக் கட்டுவது, இழுப்பது, கப்பல் தளத்தின்மேல் தூக்கி வைப்பது: இவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்கள். அதே ஆண்டில் மீட்புக் குழுவின் முதல் தொகுதியும் இங்கே பயிற்சி பெற்றது. ராக்கெட் ஏவும் நாளில் ஸ்ரீஹரிகோட்டாவில் கூடும் கூட்டத்தில் ஆயிரத்தில் ஒருவர்கூட இதைப் பார்க்கக் கொச்சிக்கு வந்திருக்கமாட்டார்கள். என் அபிப்பிராயத்தில், மனிதனை வேறு கிரகத்துக்கு அனுப்பும் வித்தையின் அரிச்சுவடி அந்தத் தொட்டியில்தான் எழுதப்படுகிறது.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. விண்வெளிக்குப் போன கல்பனா சாவ்லாவும் மற்ற அறுவரும் 2003 பிப்ரவரி முதல் தேதி மாண்டது மேலே போகும்போதன்று. வீடு திரும்ப இன்னும் 16 நிமிஷம் இருக்கும்போது. அவர்களுக்கு முன்னால் 1967-இல் பாராசூட் விரியாமல் ஒரு ரஷ்யரும், 1971-இல் கலத்தின் காற்று கசிந்து மூவரும் உயிரிழந்தது இறங்கும் வேளையில்தான். எட்டு நாட்களுக்கென்று 2024 ஜூன் மாதம் விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்ட சுனிதா வில்லியம்ஸ், போன கலம் பழுதுபட்டதால், 2025 மார்ச்சில்தான் மண்ணில் கால் வைத்தார். அவர் இருந்தது நம் தலைக்கு மேல் நானூறு கிலோமீட்டர் உயரத்தில். மட்டாஞ்சேரியிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போகிற தூரந்தான். உணவு அனுப்ப முடிந்தது, மாற்றுக் கலமும் அனுப்ப முடிந்தது. அதே பழுது செவ்வாயில் நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

ககன்யான் மூன்று பேரை மூன்று நாள் அந்த நானூறு கிலோமீட்டர் உயரத்தில் வைத்து மீட்டுக்கொண்டு வரும் திட்டம். பிரதமர் 2018 ஆகஸ்டு 15-ஆம் தேதி செங்கோட்டையில் அறிவித்தபோது 2022-க்குள் என்றார். தேதி பலமுறை தள்ளிப்போய்விட்டது. தேர்ந்தெடுத்த நால்வரில் ஒருவரான பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர் பாலக்காட்டு நென்மாறைக்காரர். அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். இவர்கள் பெயர்கள் 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் வெளியான நாள் முதல், எப்போது போவார்கள் என்று கேட்டுக்கேட்டு நம் ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. விண்வெளி நிலையத்தையும் உட்படுத்தித் திட்டத்தின் செலவை 20,193 கோடி ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். 2035-இல் சொந்த விண்வெளி நிலையம், 2040-இல் சந்திரனில் ஓர் இந்தியர் என்பது உத்தேசம். 450 கோடி ரூபாயில் ஓர் ஆளில்லாக் கலத்தைச் செவ்வாயின் சுற்றுப்பாதையில் 2014 செப்டம்பர் 24-ஆம் தேதி நிலைநிறுத்திய தேசம், அடுத்த படியாக மனிதனையே அனுப்பிவிடலாம் என்று சிலர் ஆவேசப்படுவதைக் கேட்கிறேன். அந்தக் கலமாகிய மங்கள்யான் திரும்பி வரவேண்டிய அவசியம் இருக்கவில்லை என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

செவ்வாய்க்கு மனிதன் போகவே கூடாது என்பது என் கட்சியன்று. இந்த நூற்றாண்டு முடிவதற்குள் யாரோ போய்வருவார்கள் என்றே நம்புகிறேன். அதில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தால் எனக்குப் பரம சந்தோஷம். அதற்கு முன்னால், அவ்விடத்துக் காற்றில் எரிபொருள் செய்யும் இயந்திரமும், திரும்பி எழும் ராக்கெட்டும் ஆளில்லாமலேயே அங்கே போய், வேலை செய்து, ஒரு கலத்தையாவது பூமிக்கு முழுதாகக் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும். இன்றுவரை ஒரு பிடி செவ்வாய் மண்ணைக்கூட எந்த நாடும் கொண்டுவந்ததில்லை. அது நடக்கும்வரை நம் அரசாங்கம் தன் பணத்தையும் பொறுமையையும் ககன்யானிலும், விண்வெளி நிலையத்திலும், அங்கே முளைக்கும் வெந்தயத்திலும் செலவிடட்டும். தேசபக்தியின் பெயரால் இஸ்ரோவிடம் தேதி கேட்டு நச்சரிக்கும் பாராளுமன்ற அங்கத்தினர்களும் பத்திரிகைக்காரர்களும் தயவுசெய்து கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்: எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்பதற்குப் பதிலாக, அனுப்பியவர்களை மீட்கும் ஒத்திகை எத்தனை முறை முடிந்தது, அதில் எத்தனை முறை தவறியது, தவறியதற்குக் காரணம் கண்டீர்களா என்று கேட்கட்டும். அந்தப் பதில்களை இஸ்ரோ ஒளிக்காமல் வெளியிடட்டும்.